கூடு பாய்தல்

ஒரு யந்திரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. என் தொகுப்புக்கு அட்டை தேர்ந்தெடுக்கக்கூட இத்தனை காலம் எடுத்துக்கொண்டதில்லை. யந்திரம் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சிறுவயதில் வீட்டு டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேமை மறுபடியும் வீட்டில் விளையாட ஒரு பெட்டி. இந்தப் பக்கங்களில் இதை எழுதலாமா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். 'மூலம், நகல் என்று எங்காவது வந்து முட்டும். எழுதுங்கள்' என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் முட்டிவிட்டது.

வீடு அடிவாரத்தில். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அடிவாரம் என்பது டிரைவர் கியர் மாற்றுகிற இடம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அதற்குமேல்தான். எங்களுக்கு அது ஊர். சேர்வராயன் மலையில் மேகம் இறங்கினால் வீட்டில் கரண்ட் போகும் என்பது நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் படிக்காமலே கற்றுக்கொண்ட பௌதிக விதி. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைய விளையாட்டில் எதையும் சேமித்துவைக்க முடியாது. கரண்ட் போனால் எல்லாம் போயிற்று.

அப்பா அந்தப் பெட்டியை 1995 தீபாவளிக்கு வாங்கிவந்தார். மேலே 'மீடியா' என்று எழுதியிருக்கும். ஜப்பானில் நின்டென்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற யந்திரத்தின் நகல் அது என்பதோ, அப்படி ஒரு கம்பெனி இருப்பதோ எங்களுக்குத் தெரியாது. கேசட் என்போம், கார்ட்ரிட்ஜ் என்று யாரும் சொன்னதில்லை. கன்ட்ரோலர் எங்களுக்கு ரிமோட். கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுக்கு மேல் தேறாது. மீதி அதே விளையாட்டுகள் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வரும். இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்தவன் தம்பி. அவனுக்கு அப்போது எட்டு வயது. நான் ஏமாந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மாரியோ, கான்ட்ரா, ரோட் ஃபைட்டர் எல்லாம் விளையாடினோம். ஆனால் எங்கள் விளையாட்டு என்றால் பேட்டில் சிட்டி. 'டேங்க்' என்போம். 1985இல் நாம்கோ ஜப்பானுக்காக மட்டும் செய்தது. அமெரிக்கப் பையன்கள் அநேகமாக அறியாதது, திருட்டுக் கேசட் வழியாக அடிவாரம் வரை வந்து சேர்ந்தது. கீழே நடுவில் ஒரு கழுகுச் சின்னம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர். இரண்டு பேர் இரண்டு டேங்கில் அதைக் காக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு இருபது எதிரி டேங்குகள். முப்பத்தைந்து கட்டங்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து. கூட விளையாடுகிறவன் குண்டு நம் மேல் பட்டால் நாம் சாவதில்லை. கொஞ்ச நேரம் அசையமுடியாமல் நின்றுவிடுவோம். கழுகின் மேல் நம் குண்டே பட்டாலும் ஆட்டம் முடிந்தது. எதிரி சுட்டதா அண்ணன் சுட்டதா என்று யந்திரம் பார்ப்பதில்லை.

பெரியவர்களான பிறகு நாங்கள் இருவரும் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அப்பா இறந்த பிறகு வீடு, கிணறு, கிணற்றுக்குப் போகிற வழி. விவரம் வேண்டாம். எல்லா வீட்டிலும் நடப்பது. அவன் ஓசூரில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை அப்பா திதிக்கு வருவான், சாப்பிடுவான், போவான். சண்டைக்கு முன்பு என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவான். பிறகு 'நீங்க' ஆகிவிட்டது. மரியாதை கொடுத்து ஒருவனைத் தூரத்தில் நிறுத்தலாம் என்பது நம் மொழியின் வசதிகளில் ஒன்று.

திதிக்கு வரும்போது அவனை மத்தியானம் வரை உட்காரவைக்க ஏதாவது வேண்டும் என்றுதான் நினைத்தேன். பழைய மீடியா பெட்டி பாகப்பிரிவினைக்கு முன்பே எங்கோ போய்விட்டது. அதனால் எமுலேஷன்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். போலச் செய்தல் என்றால் போதவில்லை. யந்திரம் யந்திரத்தைப் போல வெளியே நடிப்பதில்லை இங்கே. ஒரு புது யந்திரத்துக்குள் ஒரு நிரல் ஓடுகிறது. அது பழைய யந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பாகத் தன்னைப் பாவித்துக்கொள்கிறது: ரிக்கோ கம்பெனி செய்த சில்லு, இரண்டே கிலோபைட் நினைவகம், திரையில் ஒரே வரியில் எட்டு உருவங்களுக்குமேல் காட்டமுடியாத அதன் இயலாமை. விளையாட்டு மாறுவதில்லை. தான் பழைய உடம்பில்தான் இருப்பதாக அது நம்பிக்கொண்டு ஓடுகிறது. இதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற சொல்லே சரி என்று படுகிறது. திருமூலர் கதையில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்கிறான், பசுக்கள் அழுகின்றன. சித்தர் அவன் உடம்பில் நுழைந்து எழுகிறார். பசுக்கள் சமாதானமாகி வீடு திரும்புகின்றன. மூலன் மனைவி மட்டும் இது தன் புருஷன் இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். எமுலேஷனின் பரீட்சை முழுக்க இந்தக் கதையில் இருக்கிறது. பசுக்களை ஏமாற்றுவது சுலபம்.

இனி உடம்புகள். முதலில் கையில் இருந்த போன். விளையாட்டு ஓடுகிறது, குறையே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் கண்ணாடியின் மேல் வரைந்த பொத்தானை விரல் தடவித் தேடுகிறது. பொத்தானுக்கு விளிம்பு வேண்டும். தவிர, போன் ஒருவருக்கானது. இரண்டு பேர் ஒரே திசையைப் பார்த்து உட்கார அது இடம் கொடுப்பதில்லை. அடுத்து, டிவியில் சொருகுகிற குச்சி போன்ற ஒன்று, பத்தாயிரம் விளையாட்டுகள், இரண்டு கம்பியில்லாத ரிமோட், மலிவு விலை. வாங்கினேன். 9999999 இன் 1ஐ விற்றவர்களின் வாரிசுகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் ஒரு ரிமோட் வலப்பக்கம் மட்டும் போகத் தொடங்கியது. அதை எழுதும் மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப் ஒன்றும் இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற பட்டோசெராவைப் பென்டிரைவில் போட்டுத் துவக்கினால் அதுவே விளையாட்டுப் பெட்டியாகிவிடும். யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். காசு செலவில்லை. நாற்பது கிலோபைட் மாரியோவுக்கும் இருபத்துநான்கு கிலோபைட் டேங்குக்கும் எந்தப் பழைய லேப்டாப்பும் போதும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை யூனிகோடில் பிடிக்கிற இடம் அந்த டேங்க் விளையாட்டைவிட அதிகம்.

மிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. 2017 முதல் ஆர்வலர்கள் வளர்த்துவருவது. நிரலாகப் பாவிக்காமல், மாற்றி அமைக்கக்கூடிய ஒரு சில்லில் பழைய யந்திரத்தின் சர்க்யூட்டையே மறுபடி அமைக்கிறார்கள். சொல்லப்போனால் அதுதான் சுத்தம். ஆனால் அதன் விலைக்கு எங்கள் வீட்டுக்கூரைக்கு ஓடு மாற்றலாம். எனக்குச் சுத்தத்தில் அவ்வளவு நம்பிக்கையும் இல்லை. எங்கள் பெட்டியே சுத்தமில்லாதது.

லேப்டாப்பைக் கூடத்து எல்சிடி டிவியில் மாட்டியபோதுதான் உண்மையான சங்கடம் தெரிந்தது. பொத்தானை அழுத்துகிறேன், டேங்க் சுடுகிறது, ஆனால் சற்றுப் பின்னால். கணக்கில் பார்த்தால் சொற்பம். இந்த விளையாட்டுகள் நொடிக்கு அறுபது சித்திரம் வரைபவை. நவீன டிவி ஒவ்வொரு சித்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, அழகுபடுத்தி, பிறகு காட்டுகிறது. அதில் மூன்று நான்கு சித்திரங்கள் பின்தங்கிவிடும். டிவியில் கேம் மோட் என்று ஒன்றை முடுக்கினால் பாதி சரியாகும். ரெட்ரோஆர்க்கில் ரன்-அஹெட் என்று ஒரு வசதி உண்டு. விளையாட்டை ரகசியமாக ஒரு சித்திரம் முன்னால் ஓடவிட்டுக் காட்டி, தாமதத்தைக் குறைக்கும். இரண்டையும் செய்தேன். அப்புறமும் என் விரலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் யாரோ நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது.

பரணில் அப்பாவின் ஒனிடா கிடந்தது. இருபத்தோரு அங்குலம், பின்னால் கர்ப்பம் தரித்த மாதிரி பிக்சர் டியூப். அந்த டிவி சித்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. சிக்னல் வரவர, மேலிருந்து கீழ் வரிவரியாக, அப்போதே எரிகிறது. அஸ்தம்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றியதும் என்னைத் தூரப் போகச் சொன்னார். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தாலும் இதன் அருகில் கையை வைக்காதீர்கள், உள்ளே சார்ஜ் பிடித்துவைத்திருந்தாலும் இருக்கும் என்றார். உப்பிய கெபாசிட்டர்கள் மூன்றை மாற்றினார். கூலி வாங்கும்போது, 'ஸார், இதைத் தூக்கிப் போடாதீங்க' என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

டிவி முடிவானதும் யந்திரம் தானாகவே முடிவாயிற்று. இதுதான் நான் கற்றுக்கொண்ட வரிசை. எல்லோரும் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரையைப் பற்றி யோசிக்கிறார்கள். திரைதான் முதலில். ஒனிடாவில் இருப்பது மஞ்சள், வெள்ளைச் சொருகு மட்டும். எச்டிஎம்ஐ கிடையாது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் 2023இல் வந்த ஐந்தாவதில் வீடியோ வருகிற வட்டச் சொருகை எடுத்துவிட்டார்கள். சாலிடர் செய்துதான் எடுக்க வேண்டும். 2016இல் வந்த மூன்றாவதில் அந்தச் சொருகு இருக்கிறது. பழையதை ஓட்டப் புதியதிலும் பழையதுதான் வேண்டியிருந்தது. ஒருவர் உபயோகித்த பை 3 ஒன்றை வாங்கினேன். ஒயர் விஷயத்தில் ஏமாந்தேன். நான்கு வளையம் உள்ள சொருகு, கடையில் கொடுத்த ஒயரில் வீடியோவும் எர்த்தும் இடம் மாறியிருந்தன. திரையில் படமே இல்லை, ஒலியில் வண்டு கத்துகிறது. யந்திரம் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் துக்கம் காத்தேன். பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, முனையை வெட்டி நானே மாற்றி இணைத்தேன். அதன்பின் ஒரு மழைநாளில், மலையில் மேகம் இறங்கி, கரண்ட் மூன்றுமுறை போய் வந்ததில் மெமரி கார்டு எழுத்தெல்லாம் குழம்பிப்போனது. இப்போது பைக்கு மட்டும் ஒரு சின்ன பாட்டரி வைத்திருக்கிறேன்.

பைக்கு டிவியின் ஜாதியைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அறிவுரைகளைப் படித்து அமெரிக்க முறை, நொடிக்கு அறுபது என்று வைத்தேன். ஒனிடா அதையும் ஏற்றுக்கொண்டது. படம் திரை முழுக்க நிறைந்தது. ஒரே வரியில் எட்டுக்குமேல் உருவம் வந்தால் பழைய யந்திரத்தில் மினுக்கும். அதைச் சரிசெய்ய எமுலேட்டரில் வழியுண்டு. சரிசெய்யவில்லை. மினுக்கட்டும் என்று விட்டேன். என் தேர்வில் இதில் மட்டும் எனக்குப் பெருமை.

திதியன்று மத்தியானம், இலை எடுத்த பிறகு, ஒனிடாவைப் போட்டேன். தம்பி பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பாயில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டான். அவன் கை எப்போதும் இரண்டாவதற்குத்தான் போகும். மாரியோ தொடங்கியது. கோஜி கோண்டோ போட்ட அந்த மெட்டு. ஐந்து விநாடி இருக்கும்.

'என்னண்ணா இது. பாட்டு இப்படி அவசரப்படுது?'

'அதே பாட்டுதான்டா.'

'இல்லீங்க. நம்முளுது இப்படி ஓடாது. மேலயும் கீழயும் கறுப்பா இருக்கும்ல, அதுவும் காணோம்.'

அரைமணி விளையாடினான். மரியாதைக்காக விளையாடினான் என்று சொல்லலாம். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் சொன்னது சரி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு அறுபது. இந்தியாவில் பால் முறை, நொடிக்கு ஐம்பது. இசையை நகர்த்துவது திரையின் துடிப்பு. ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு அடி. ஐம்பதில் ஓடும்போது மெட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகிறது. டேங்கும் மெதுவாகிறது, குண்டும் மெதுவாகிறது. நின்டென்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பால் பெட்டியில் சில்லின் வேகத்தையே குறைத்துவிட்டார்கள். அதில் சுருதியும் கீழே இறங்கிற்று. தைவானில் நகல் சில்லு செய்தவர்கள் வேறு வழி கண்டார்கள். சில்லின் வேகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்து, ஒவ்வொரு சித்திரத்துக்கும் நடுவில் வெற்று வரிகளைக் கூட்டினார்கள். சுருதி அநேகமாக அதே, தாளம் மட்டும் நிதானம். நகலெடுத்தவன் மூலத்தின் சொந்தக்காரனைவிட நன்றாக யோசித்த இடம் இது. படம் இருநூற்று நாற்பது வரிதான், பால் திரைக்கு அதற்குமேல் வரிகள் உண்டு. மிச்ச இடம் கறுப்பு. தம்பி சொன்ன கறுப்பு.

அதாவது நாங்கள் கேட்டு வளர்ந்த மாரியோ, ஜப்பானில் யாரும் இசையமைக்காத ஒன்று. அதை மூலம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. எங்களுக்கு வேறு மூலமும் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் வரும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கும். டி. ஆர். சுந்தரம் 1935இல் ஆரம்பித்த ஸ்டூடியோவில் இப்போது மிச்சம் அதுதான். 1940இல் அவர் எடுத்த 'உத்தம புத்திர'னின் கதை பிரான்ஸிலிருந்து வந்தது. பி. யு. சின்னப்பாவைப் பார்த்துக் கை தட்டியவர்களில் இரும்பு முகமூடி மனிதனைத் தேடிப் போனவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1968இல் சேலத்திலிருந்து சி. மணி கொண்டுவந்த 'நடை'யை நான் படித்தது ஜெராக்ஸில். யாரோ அடிக்கோடிட்ட பிரதியின் ஜெராக்ஸ். பின்னால் ஒரு நண்பரிடம் அசல் இதழைக் கையில் வாங்கியபோது அடிக்கோடு இல்லாததால் ஏதோ விடுபட்டதுபோல் இருந்தது. இதை ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

ருஷ்யாவில் 1992இல் டென்டி என்ற பெயரில் இதே வகை நகல் பெட்டியை விற்றார்கள். நகல் அங்கே ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது. அதனால் எமுலேட்டர்களில் தேசம் என்ற இடத்தில் அமெரிக்க முறை, பால் என்பதோடு டென்டி என்று மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்தியா என்று வைக்கவில்லை. நம் பையன்கள் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. பையின் அமைப்பில் ஒரு எண்ணைப் பதினெட்டு என்று மாற்றி, எமுலேட்டரில் டென்டி என்று வைத்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்தன. மெட்டு மூச்சு வாங்கிக்கொண்டது. அப்பா உள்ளே செய்தித்தாள் மடிக்கும் சத்தம் அடுத்து வரும்போல இருந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை. வாத்து சுடுகிற துப்பாக்கி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அந்தக் கணமே பார்க்க வேண்டும். எல்சிடியில் நடக்காது என்பது தெரிந்தது. ஒனிடாவிலும் நடக்காது. எமுலேட்டர் சித்திரம் முழுவதையும் கணக்கிட்ட பிறகுதான் திரைக்கு அனுப்புகிறது. துப்பாக்கி பார்க்கும்போது வெளிச்சம் இன்னும் வந்திருக்காது. இதற்கு வேறு வழிகள் சொல்கிறார்கள். நான் முயலவில்லை. மூலன் மனைவிக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும்.

தை மாதம் தம்பி மறுபடி வந்தான். கிணற்று வழி விஷயமாக ஒரு கையெழுத்து. காகிதம் மேஜையில் இருந்தது, பேப்பர் வெயிட்டாக அந்த ரிமோட். அதைப் பார்த்து 'இது என்னங்க' என்றான். வலப்பக்கம் மட்டும் போகும் என்றேன். சிரித்தான். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன்.

ஒனிடாவைப் போட்டேன். டேங்கின் ஆரம்ப ஊதல் சத்தம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவது கட்டத்தில் அவனை நான் தவறிச் சுட்டு நிறுத்திவிட்டேன். 'டேய் கண்ணு தெரியலையா உனக்கு' என்று கத்தினான். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த வார்த்தை 'நீங்க'வா 'நீ'யா என்று நான் காத்திருந்தேன் என்பதை எழுதுவதில் வெட்கம் இல்லை. 'நீ அந்தப் பக்கம் போ, கழுகை நான் பாத்துக்கறேன்' என்றான்.

கடைசியில் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற பகுதிக்குப் போனான். அங்கே நாமே கட்டம் வரையலாம். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு. சிறுவயதில் அவன் எப்போதும் கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் கட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவான். பிறகு மலைப்பாதையை வளைவு வளைவாகச் செங்கல்லில் இழுப்பான். இருபது வளைவுக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் முயல்வான். பாதி மலை ஏறும்போது கரண்ட் போகும்.

அன்றும் அதையே வரைந்துகொண்டிருந்தான். ஏழாவது வளைவில் பஸ் நேரமாகிவிட்டது என்று எழுந்தான். அவன் வாசல் தாண்டிய பிறகு எமுலேட்டரில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். முதலாம் இடம் என்று திரை ஓரத்தில் வந்து மறைந்தது. அழுத்தலாமா என்று ஒரு தயக்கம் இருந்தது. அந்தப் பெட்டியில் இல்லாத வசதி அது. நேற்று போட்டுப் பார்த்தேன். கழுகைச் சுற்றி இரும்பு இருக்கிறது. ஏழாவது வளைவின் முனையில் அவன் டேங்க் நிற்கிறது. நான் எதையும் தொடவில்லை. ஐப்பசியில் திதி வருகிறது.